கடலரிப்பு ஊருகளிலை வேலை செய்த ஆக்கள் உங்கட அனுபவத்தையும் சொல்லுங்கோ

நான் யாழ்ப்பாணத்து வடமராட்சிக் கரையிலை கொஞ்சக் காலம் கடலரிப்பு பற்றி ஊர்ச்சனத்தோட கதைக்கிற வேலையிலை நிண்டனான். போன உடனை அணை, மணல் எண்டு ஒண்டும் கதைக்கேலாது, முதல் கேள்வியே "தம்பி, எங்களை எழும்பச் சொல்லப் போறியளோ" எண்டுதான். சனத்திலை பிழை இல்லை, சுனாமிக்குப் பிறகு 2005இலை அரசாங்கம் கடலிலை இருந்து வடக்கு கிழக்குக்கு 200 மீட்டர், தெற்குக்கு 100 மீட்டர், அதுக்குள்ளை வீடு கட்டப்படாது எண்டு சொன்னது, பிறகு தளர்த்தினதுதான், ஆனா பயம் போகேல்லை.

அடுத்தது அரிப்பை மறிக்கப் போடுற கல்லு. எல்லாரும் கேக்கிறது கல்லுத்தான், போட்டா கண்ணுக்குத் தெரியுமெல்லே. வள்ளம், வலை வைச்சிருக்கிற ஒரு சம்மாட்டி ஐயா மட்டும் குச்சியாலை மணலிலை கீறிக் காட்டினார், மணல் கரையோட கரையா ஓடிக்கொண்டிருக்குமாம், இஞ்சை கல்லை நீட்டினா ஒரு பக்கம் சேரும், அங்காலை ஊருக்கு மணல் போகாது, அவையின்ர கரை அறுந்துபோம். "அந்த ஊரிலைதான் என்ர மகளைக் கட்டிக் குடுத்திருக்கிறன்" எண்டார், எல்லாரும் சிரிச்சிட்டினம். அதுக்குப் பிறகுதான் ரெண்டு ஊர்ச் சங்கமும் ஒண்டா இருந்து கதைச்சது, பழைய வலைப் பிரச்சினை வேற, சும்மா லேசில்லை.

கடைசியிலை மணலைப் பிடிச்சு வைக்கிற அடம்பன் கொடியும் இராவணன் மீசைப் புல்லும் நடுறதெண்டு முடிவாச்சு. மேலிடத்திலை இருந்து வந்த பிளானிலை வேலி, வள்ளம் இழுக்கிற வழிக்குக் குறுக்கை போகுது! மீன் விக்கிற அக்காமார்தான் கண்டுபிடிச்சவை, அவையே நடந்து நடந்து தடி ஊண்டி வழி விட்டுக் காட்டிச்சினம். ஐப்பசி மழை விழத்தான் நடோணும், சோளகத்திலை (தென்மேல் காத்துக் காலத்திலை) நட்டாக் கருகிப்போம் எண்டதும் அவைதான்.

---

அண்ணை, நான் மணற்காட்டுப் பக்கம். பழைய அந்தோனியார் கோயில் மணலுக்குள்ளை தாண்டு கிடக்கிறதைப் பாத்தவைக்கு மணல் எப்பிடி நடக்கும் எண்டு விளங்கும், அதாலைதான் இஞ்சை சவுக்கு வைச்சவை. ஆனா பகலிலை நாங்கள் கண்டு நட, இரவிலை ட்ரக்டர் வந்து மணல் ஏத்திக்கொண்டு போகுது, கேட்டா பெமிற் இருக்காம். உங்கட ஊரிலை இதுக்கு என்ன செய்தனீங்கள்?

---

தம்பி, எங்கட பெடியள் ட்ரக்டர் இறங்கிற பாதையிலையே வாடியை, மீன்பிடிக் கொட்டிலை, போட்டிட்டாங்கள். வலை பொத்திற சாட்டிலை இரவிரவா ஆரும் ஒராள் அங்கை இருப்பினம், சண்டை சச்சரவு ஒண்டும் இல்லை. பெமிற்றைக் காட்டச் சொல்லிக் கேட்டாக் காணும், பாதிப்பேர் அப்பிடியே திருப்பிக்கொண்டு போயிடுவினம்.