வாரம் இரண்டு நாள்தான், ஆனால் விடாமல்

காரைக்குடியிலிருந்து எழுதுகிறேன். போன வருஷம் ஜிம்மில் சேர்ந்தபோது என் எடை 60 கிலோ. நெஞ்சுக்கு ஒரு நாள், கைக்கு ஒரு நாள் என்று பிரித்து வாரம் ஆறு நாள் வரச் சொன்னார்கள். மூன்றாவது வாரம் தோள்பட்டை பிடித்துக்கொண்டு, சட்டையைக் கழற்றக்கூடக் கை மேலே போகவில்லை. நின்றுவிட்டேன்.

அப்புறம் உடற்கல்வி படித்த அண்ணன் ஒருவர், "புதுசா ஆரம்பிக்கிற உடம்புக்கு எதுக்குத் தம்பி இவ்வளவு?" என்று கேட்டார். செவ்வாய், வெள்ளி இரண்டு நாள் போதும் என்றார். இரண்டு நாளும் முழு உடம்புக்கும்: ஸ்குவாட் (முழங்காலை மடக்கி உட்கார்ந்து எழுவது), தண்டால், டம்பெல்லைக் குனிந்து இழுப்பது, தலைக்கு மேல் தூக்குவது. ஒவ்வொன்றும் இரண்டு செட், அதாவது இரண்டு சுற்று; சுற்றுக்கு 8 முதல் 12 தடவை. இன்னும் இரண்டு தடவைதான் முடியும் என்கிற இடத்தில் நிறுத்த வேண்டும். 12 சுலபமாக வந்தால் எடையைக் கூட்ட வேண்டும். நாற்பது நிமிஷத்தில் முடிந்துவிடும்.

வீட்டில் பட்டாலையில்தான் செய்கிறேன். ஆத்தங்குடி டைல்ஸ் விரிசல் விடக்கூடாதே என்று சாக்கை நாலாக மடித்துப் போட்டு, டம்பெல்லை மெல்ல இறக்கிப் பழகினேன். அதுவும் நல்லதாகப் போயிற்று; மெல்ல இறக்கும்போதும் தசை வேலை செய்கிறது.

முதல் மாதம் கண்ணாடியில் ஒரு மாற்றமும் இல்லை. ஆனால் 5 கிலோ தூக்கிய கை 7.5 கிலோ தூக்கியது. முதலில் நரம்புதான் பழகும், சதை பிறகுதான் வரும் என்று அண்ணன் முன்பே சொல்லியிருந்ததால் விடவில்லை. மூன்றாவது மாதம் பழைய சட்டையின் கை இறுகியது.

சாப்பாட்டையும் கவனியுங்கள். சதை ஏற, ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் வரை பலன் தரும் என்கிறார்கள். எனக்கு அது 96 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான். இட்லியை மட்டும் நம்பினால் நடக்காது. முட்டை, தயிர், சுண்டல், மீன் எல்லாம் சேர்த்துத்தான் ஓரளவு எட்டுகிறேன்.

தேவகோட்டையிலிருந்து ஒரு பதில்:

இது இளவட்டங்களுக்கு மட்டும் இல்லைங்க. எங்கள் அப்பத்தாவுக்கு 70 வயது. டாக்டரிடம் கேட்டுக்கொண்டுதான் ஆரம்பித்தோம். திண்ணையில் உட்கார்ந்து கை ஊன்றாமல் எழுவது, அவ்வளவுதான். முதல் நாள் மூன்று தடவை. அதிலும் கடைசித் தடவை தூணைப் பிடித்துக்கொண்டார். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல் பெரியவர்களுக்கு வாரம் குறைந்தது இரண்டு நாள் தசைப் பயிற்சி வேண்டும் என்கிறது. நாங்களும் இரண்டு நாள்தான் வைத்திருக்கிறோம். இப்போது பத்து தடவை எழுகிறார். போன வாரம் மாடிப்படியில் என் கையைத் தேடவில்லை.