கைமரத்துக்குப் பாட்டுக் கணக்கா, டேன் கணக்கா?

மோல்மேன் தம்பி:
எங்கள் கோயில் மடப்பள்ளிக்குப் பின்னால் விறகுக் கொட்டகை போடுகிறோம். சுவரிலிருந்து முகட்டுக்கு நேர் கீழே வரை 12 அடி. இந்த ஊர் மழைக்குத் தகரம் 30 பாகையாவது சாய்ந்து இருக்க வேண்டும். சுவரிலிருந்து முகட்டுக்குச் சாய்வாக ஏறும் கைமரம் எத்தனை அடி வெட்டுவது?

தட்டோன் பெரியவர்:
இதற்கு எதற்குத் தம்பி கால்குலேட்டர்? பழைய பாட்டு இருக்கிறதே. நீளத்தை எட்டுக் கூறாக்கி ஒன்றைத் தள்ளு, உயரத்தில் பாதியைச் சேர், அதுதான் கர்ணம், சாய்ந்த பக்கம். வர்க்கமூலமே வேண்டாம்.

பெகு சயாமா:
ஐயா, பாட்டுக்கு இரண்டு பக்கமும் தெரிய வேண்டும். தம்பி கையில் இருப்பது ஒரு பக்கமும் ஒரு கோணமும்தான். 12 அடி அந்தக் கோணத்துக்கு அடுத்துள்ள பக்கம், கைமரம் கர்ணம். இந்த இரண்டையும் சேர்ப்பது கோசைன். 30 பாகைக்கு அது 0.866. 12ஐ அதனால் வகுத்தால் 13.86 அடி. முகட்டு உயரம் வேண்டுமானால் டேன், அதாவது ஏற்றத்தைக் கிடைநீளத்தால் வகுத்தால் வருவது: 12ஐ 0.577ஆல் பெருக்கினால் 6.93 அடி.

தட்டோன் பெரியவர்:
எந்த ஆசாரி பாகைமானியோடு வருகிறான்? 12க்கு 7 ஏற்றம் என்பான், மூலமட்டத்தை வைப்பான், முடிந்தது. இப்போது பாட்டைப் போடுங்கள். 12இல் எட்டில் ஒரு கூறு போனால் பத்தரை, 7இல் பாதி மூன்றரை, சேர்த்தால் 14 அடி. பிள்ளைகூட மனக்கணக்காகச் சொல்லும். இந்த சைன், கோசைன் எல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்தது.

பெகு சயாமா:
அந்த '12க்கு 7' தான் ஐயா டேன். ஆசாரி பெயர் சொல்லாமல் அதைத்தான் பயன்படுத்துகிறார். வெள்ளைக்காரன் கதையும் சரியில்லை. ஆரியபட்டர் 499 வாக்கிலேயே 'ஜ்யா' (இன்றைய சைன்) அட்டவணைக்கு 24 வித்தியாசங்களைக் கொடுத்திருக்கிறார். அந்தச் சொல் அரபிக்குப் போய், அங்கிருந்து லத்தீனுக்குப் போகும்போது வேறு பொருளாகப் புரிந்துகொள்ளப்பட்டுத்தான் 'சைன்' ஆனது.

சரி, 14 அடிக்கு வருவோம். உண்மை நீளம் 13.89, ஒன்றேகால் அங்குலம் கூடுதல். அறுத்துவிடலாம். ஆனால் 12க்கு 12 ஏற்றம் வையுங்கள். பாட்டு 16½ அடி என்கிறது, உண்மை 16.97. ஐந்தரை அங்குலத்துக்கு மேல் குட்டை! குட்டையாக வெட்டிய மரத்தை யார் இழுத்து நீட்டுவது? இன்னும் ஒன்று, ஏற்றமே இல்லாமல் மரத்தைத் தரையில் கிடத்துங்கள். பாட்டின்படி 12 அடி மரம் 10½ அடியாகிவிடும்.

தட்டோன் பெரியவர்:
தரையில் கிடத்தவா கூரை போடுகிறோம்? நான் 4க்கு 3 வைத்துப் பார்த்தேன், 5 வருகிறது. 12க்கு 5 வைத்தேன், 13. அச்சு அசல்.

பெகு சயாமா:
அந்த இரண்டு சாய்வுக்கு மட்டும்தான் அச்சு அசல். இடைப்பட்ட சாய்வில் கூடுதலாக வரும், வெளியே போனால் குறையும். தம்பியின் கூரை நல்லவேளையாக நடுவில் மாட்டியிருக்கிறது.

சிரியம் மரவேலை:
இரண்டு பேரும் உச்சியில் கைமரங்கள் வந்து சேரும் முகட்டு வளையை மறந்துவிட்டீர்கள். இரண்டு அங்குல வளை என்றால் பக்கத்துக்கு ஒரு அங்குலம் அந்த 12 அடியில் கழியும். சாய்வில் பார்த்தால் அது ஒரு அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே. நீங்கள் சண்டை போடும் வித்தியாசமே ஏறக்குறைய அவ்வளவுதானே!

மோல்மேன் தம்பி:
இறவாணத்துக்கு, அதாவது சுவருக்கு வெளியே நீளும் கூரை ஓரத்துக்கு, சாய்விலேயே இரண்டடி விடுகிறோம். சயாமா கணக்கில் 15.86, பெரியப்பா கணக்கில் 16. எப்படியும் 16 அடி மரம்தான் வாங்க வேண்டும், வாங்கியாயிற்று. முதல் கைமரத்தை மட்டும் சயாமா கணக்கில், வளைக்குக் கழித்து வெட்டி ஏற்றிப் பார்ப்போம். பொருந்தினால் அதையே மேலே வைத்து மற்ற பதினொன்றுக்கும் கோடு போட்டுவிடலாம். பெரியப்பா, ஞாயிறு காலை பஸ் பிடித்து வந்துவிடுங்கள், ரசமட்டம் பிடிக்க ஆள் இல்லை.