பழைய ஹாலிவுட் படத்துல உங்களை இன்னும் விடாத ஒரு ஆள் யார்? (அனுபவப் பகிர்வு)

ரீல்பெட்டி
கதை எல்லாருக்கும் தெரியும், நேரா விஷயத்துக்கு வர்றேன். 'சைக்கோ', 1960. குளியலறைக் கொலையைப் பத்தி ஊரே பேசியாச்சு. என்னைப் படுத்துறது அதுக்கு அப்புறம் வர்ற சதுப்பு. மோட்டல் நடத்துற நார்மன் பேட்ஸ் தரையைக் கழுவித் துடைச்சு, பொணத்தை டிக்கியில ஏத்தி, காரைத் தண்ணிக்குள்ள தள்ளி விடுறான். கார் முங்குது. முக்கால்வாசி போனதும் சட்டுனு நின்னுடுது. வாயில எதையோ கொறிச்சுக்கிட்டு நின்ன ஆந்தணி பெர்க்கின்ஸ் கொறிக்கிறதை நிறுத்திட்டு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்க்கிறார். சில நொடிதான். "அட, முங்கித் தொலையேன்"னு நான் வாய்விட்டே சொல்லிட்டேன். பக்கத்துல இருந்த என் மனைவி என்னை ஒரு மாதிரி பார்த்தா.

கொஞ்ச நேரம் முன்னாடி வரைக்கும் நான் ஜேனட் லீ பக்கம். 40,000 டாலரைத் தூக்கிட்டு ஓடுறவ போலீஸ்ல மாட்டிடக் கூடாதேன்னு பதறினவன். அவ செத்து, ரத்தம் காயறதுக்குள்ள எதிர்க்கட்சிக்குப் போயிட்டேன். இதுல கொடுமை என்னன்னா, அந்தப் பணமும் செய்தித்தாள்ல சுத்தி அதே டிக்கியிலதான் கிடக்கு. நார்மனுக்கு அது தெரியவே தெரியாது.

மஞ்சப்பை
செய்தித்தாள்ல சுத்தின பணம்னு சொன்னதும் எனக்கு வயிறு எரியுது. 'இட்ஸ் எ ஒண்டர்ஃபுல் லைஃப்' (1946). பில்லி மாமா பேங்க்ல கட்ட வேண்டிய 8,000 டாலரை, ஊர்ப் பணக்காரன் மிஸ்டர் பாட்டர்கிட்ட சவடால் பேசுற மும்முரத்துல, அவர் பேப்பருக்குள்ளேயே வெச்சுக் கொடுத்துட்டுப் போயிடுவார். பாட்டர் அமுக்கிடுவான். பணம் போன பழியில ஜார்ஜா வர்ற ஜேம்ஸ் ஸ்டூவர்ட் தற்கொலைக்குப் பாலம் வரைக்கும் போவார். கடைசியில ஊரே திரண்டு வந்து மேஜை மேல பணத்தைக் கொட்டும், எல்லாரும் அழுவோம். சரி. பாட்டருக்கு என்ன ஆச்சு? ஒண்ணும் ஆகலை! பணமும் அவன்கிட்டயே இருக்கு!

ஆனா நான் சொல்ல வந்த ஆள் பாட்டர் இல்லை. அவனோட சக்கர நாற்காலியைத் தள்ளுறானே, அவன். வசனமே கிடையாது, ஓங்குதாங்கா பின்னாடி நிப்பான். பணத்தைப் பார்த்ததும் பாட்டர் "திரும்பத் தள்ளு"ன்னு விரட்டுவான். இவனும் கதவு வரைக்கும் தள்ளிட்டுப் போவான். அந்தப் பக்கம் பில்லி மாமா குப்பைக்கூடை வரைக்கும் துழாவிட்டு இருப்பார். இவன் எல்லாத்தையும் பார்த்தான். அப்புறம் ஜார்ஜ் வந்து பாட்டர்கிட்ட கெஞ்சும்போதும் அங்கேயேதான் நின்னான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா படமே முடிஞ்சிருக்கும். பாட்டரையாவது பேராசைக்காரன்னு விட்டுடலாம். இவனை என்னன்னு சொல்றது?

கடைசிபெஞ்ச்
ரெண்டு பேர்கிட்டயும் எனக்குச் சண்டை இருக்கு.

ரீல்பெட்டி அண்ணே, நீங்க கட்சி எல்லாம் மாறலை. முதல் தடவை பார்க்கிறவனுக்கு அந்த இடத்துல கொலைகாரி அம்மாதான். பைத்தியக்கார அம்மாவைக் காப்பாத்த ஒரு அப்பாவிப் பையன் ராத்திரியெல்லாம் தரையைக் கழுவுறான்னுதான் நினைக்கிறோம். யாருக்குத்தான் பாவமா இருக்காது? கொலைகாரன் நார்மனேதான்னு தெரிஞ்சு ரெண்டாவது தடவை பார்க்கும்போது பதறுதான்னு பாருங்க. பதறினா அப்போ பேசலாம்.

மஞ்சப்பை, அமெரிக்கத் திரைப்படக் கழகம் 2003இல் ஒரு பட்டியல் போட்டுச்சு: 50 நாயகர், 50 வில்லன். வில்லன்கள்ல ஹானிபல் லெக்டர் முதலிடம், நம்ம நார்மன் ரெண்டாவது, பாட்டர் ஆறாவது. கொலை ஒண்ணும் பண்ணாம, நாற்காலியை விட்டு எழுந்திருக்காம ஆறாவது இடம்! தண்டனை கிடைக்காததாலதான் அந்த இடம்னு நான் சொல்லுவேன். அந்தக் காலத்துத் தணிக்கை விதிப்படி குற்றவாளி தப்பிக்கவே கூடாது. அதையும் தாண்டி இவன் தப்பிச்சிருக்கான். கடைசியில போலீஸ் வந்து இழுத்துட்டுப் போயிருந்தா, நீங்க இத்தனை வருஷம் கழிச்சு வயிறெரிவீங்களா?

என் ஆள் ரெனோ. 'காசாபிளாங்கா' போலீஸ் கேப்டன். ரிக்கோட மதுக்கடைக்குள்ள சூதாட்டம் நடக்குதுன்னு அதிர்ச்சியோட கடையை மூடச் சொல்வார். அதே மூச்சுல ஊழியன் வந்து அவர் ஜெயிச்ச பணத்தைக் கையில கொடுப்பான். நன்றி சொல்லி வாங்கிக்குவார். கிளாட் ரெயின்ஸ் முகத்துல ஒரு துளி வெட்கம் கிடையாது. எனக்கு மேலதிகாரியா இருந்த ஒருத்தர் அச்சு அசல் இப்படித்தான், அதுக்கு மேல கேட்காதீங்க.

வடமராட்சியான்
கடைசிபெஞ்ச் தம்பி, அந்தக் காசைக் கொண்டுவந்து குடுக்கிற ஆளைக் கவனிச்சனீங்களோ? அவர் மார்செல் டாலியோ. பிரான்ஸில பெரிய நடிகர், யூதர். "யூதன் எண்டால் இப்பிடித்தான் இருப்பான்" எண்டு நாஜிகள் அவற்றை படத்தைத்தான் சுவரொட்டியில ஒட்டினவங்கள். அமெரிக்காவுக்கு வந்து சூதாட்ட மேசையில காசு எண்ணுற சின்ன வேசம்.

எனக்கு அதே படத்தில இவோன். கடைக்காரன் ரிக் (பொகார்ட்) கைவிட்ட பிள்ளை, ஒரு ஜெர்மன் அதிகாரியின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு கடைக்குள்ள வருவா. பிறகு ஜெர்மன்காரர் தங்கடை பாட்டைப் பாட, நாஜிகளுக்கு எதிராப் போராடுற லாஸ்லோ வாத்தியக்காரரிட்டப் போய் பிரெஞ்சுத் தேசிய கீதத்தை வாசிக்கச் சொல்லுவார். அவங்கள் ரிக்கைப் பார்ப்பாங்கள். பொகார்ட் தலையை ஒருக்கா அசைப்பார், அவ்வளவுதான். கடை முழுக்க எழும்பிப் பாடும். அதுக்குள்ள இவோனின்ரை முகம் கிட்டவாத் தெரியும், கண்ணீர் வழிய வழியப் பாடுவா.

அந்த நடிகை மாட்லேன் லெபோ. இருபது வயசுகூட ஆகேல்லை. டாலியோதான் அவவின்ரை புருசன். 1940இல ஜெர்மன் படை வரப் பாரிசை விட்டு ஓடி, லிஸ்பனில கப்பல் ஏறி, வழியில பார்த்தால் கையில இருந்த விசா கள்ள விசா. படத்திலயும் லிஸ்பனுக்குப் போக விடுற அனுமதிக் கடிதத்துக்குத்தானே எல்லாரும் அடிபடுகினம். நாஜி அதிகாரி மேஜர் ஸ்ட்ராசராக வாற கொன்ராட் வைட் கூட யூத மனுசியோட ஜெர்மனியை விட்டு வெளிக்கிட்ட மனுசன். நானும் 90களில கொழும்பில விசா ஏஜென்சி வாசலில நிண்டவன். அந்தப் பிள்ளை அழுறதை நடிப்பு எண்டு ஆரும் சொன்னால் எனக்குக் கோவம் வரும். அவ 2016 வரைக்கும் இருந்தவ.

புரொஜெக்டர் மாமா
'சன்செட் புலவார்ட்', 1950. குளோரியா ஸ்வான்சன் நடிச்ச பழைய மவுனப்பட நட்சத்திரம் நார்மா டெஸ்மண்ட் இல்லை, அவளோட வேலைக்காரர் மேக்ஸ். கடைசிப் படிக்கட்டுக் காட்சியில செய்திப்பட கேமராக்களுக்கு நடுவே நின்னு, ஒரு காலத்துல இயக்குநரா இருந்த மாதிரியே "ஆக்‌ஷன்" கொடுப்பார். நடிச்சவர் எரிக் வான் ஸ்ட்ரோஹைம். நிஜமாவே அதே ஸ்வான்சனை வெச்சு 'குவீன் கெல்லி' எடுத்து, பாதியில நீக்கப்பட்ட இயக்குநர். படத்துல நார்மா வீட்டுல போட்டுப் பார்க்கிறது அந்தப் படத் துண்டுதான். இதை எழுதும்போதே எனக்கு என்னமோ பண்ணுது.

இளைஞர்களுக்குச் சில வார்த்தை. பழைய படத்தைத் தயவுசெய்து டிவியில இழுத்து அகலமாக்கிப் பார்க்காதீங்க. 1953 வாக்குல அகலத்திரை வர்றதுக்கு முன்னாடி எடுத்ததெல்லாம் ஏறக்குறைய சதுரம். ரெண்டு பக்கமும் கறுப்பா இருந்தா இருந்துட்டுப் போகட்டும். இழுத்தா பொகார்ட் அண்டா மாதிரி தெரிவார். அடுத்தது, புது டிவிகள்ல அசைவை வழுவழுப்பாக்குற ஒரு வசதி இருக்கும், முதல் வேலையா அதை அணைங்க. சினிமா நொடிக்கு 24 சட்டகம், அதுக்கு நடுவுல டிவி தானா இட்டுக்கட்டிச் சேர்க்கிறதை ஏன் பார்க்கணும்? கறுப்பு வெள்ளைக்குப் பின்னாடி வண்ணம் பூசின பிரதி கிடைச்சா தொடாதீங்க. 80கள்ல டெட் டர்னர் 'காசாபிளாங்கா'வுக்கே பூசினார், ஜேம்ஸ் ஸ்டூவர்ட் மாதிரி ஆட்கள் இந்த வேலையைக் கடுமையா எதிர்த்தாங்க. அப்புறம் முதல் பத்து நிமிஷம் போனைத் தொடாதீங்க, அந்தக் காலத்துல கதையோட முடிச்சை அங்கேயே போட்டுடுவாங்க. சப்டைட்டில் வெச்சுக்கலாம், தப்பில்லை. பெரிய எழுத்துல வைக்காதீங்க, பாதி முகம் மறையும். இன்னும் நிறைய இருக்கு, நாளைக்கு எழுதுறேன்.

மழைக்குருவி
மாமா, நாளைக்கு வேண்டாம் 😀

எனக்கு 'கான் வித் த விண்ட்'ல வீட்டு அடிமையா வர்ற மேமி. அடிமை முறையை அழகுபடுத்துற படம், மேமி எஜமானியம்மாவுக்காகவே பொறந்த மாதிரி எழுதின பாத்திரம், எல்லாம் ஒத்துக்கிறேன். கோவத்தோடதான் உட்கார்ந்தேன். ஆனா குழந்தை செத்த பிறகு, மெலனியைக் கூட்டிட்டுப் படியேறிக்கிட்டே மேமி அழுது அழுது நடந்ததைச் சொல்ற காட்சி வந்ததும் என் கோவம் போன இடம் தெரியலை. ஹாட்டி மெக்டானியல் தனி ஆளா அந்தக் காட்சியைச் சுமக்கிறார். கேட்டுக்கிட்டே கூட ஏறுற ஒலிவியா டி ஹாவிலண்டும் அதே துணை நடிகை ஆஸ்கருக்குப் போட்டியில இருந்தவர்தான். வாங்கினது மெக்டானியல். ஆஸ்கர் வாங்கிய முதல் கறுப்பினத்தவர்.

1939 டிசம்பர்ல அட்லாண்டாவுல முதல் காட்சி, அங்கே அவரால போக முடியலை, நிறவெறிச் சட்டம். ஆஸ்கர் விழாவுல சக நடிகர்களோட உட்கார விடாம, ஓரமா தனி மேஜை. 1952இல் செத்ததுக்கு அப்புறம்கூட, அவர் கேட்ட ஹாலிவுட் கல்லறைத் தோட்டத்துல இடம் கிடைக்கலை.

கடைசிபெஞ்ச்
மழைக்குருவி, நடிகைக்கு நடந்த அநியாயத்தைச் சொல்லி பாத்திரத்தைக் காப்பாத்துறீங்க. மேமிக்குப் படத்துல ஒரு சொந்தப் பேர்கூட கிடையாது.

மழைக்குருவி
காப்பாத்தலையே. கோவத்தோட உட்கார்ந்தேன்னு முதல்லயே எழுதியிருக்கேன். படிச்சுட்டு வாங்க.

வக்கீல்குமாஸ்தா
'ட்வெல்வ் ஆங்கிரி மென்' (1957) இன்னும் வரலையா? கொலை வழக்குல மாட்டின ஒரு பையன் குற்றவாளியான்னு பன்னிரண்டு ஜூரர்கள், அதாவது தீர்ப்பு சொல்ல உட்கார்த்தின பொதுமக்கள், ஒரே அறையில வாதாடுற படம். எல்லாரும் ஹென்றி ஃபோண்டாவைக் கும்பிடுவீங்க. எனக்கு மூணாம் எண் ஜூரர், லீ ஜே காப். கத்திக் கத்திக் கடைசியில சொந்த மகன் போட்டோவைக் கிழிச்சுப் போட்டு, அதே மேஜையில கவிழ்ந்து அழுவாரே. எல்லாரும் வெளியே போன பிறகு, அவ்வளவு நேரம் மோதின ஃபோண்டாதான் அவர் கோட்டை எடுத்து வந்து மாட்டி விடுவார். எங்க அப்பா அந்த இடத்துல எழுந்து மொட்டைமாடிக்குப் போயிட்டார். எங்க அண்ணன் அப்போ வீட்டோட பேச்சுவார்த்தை இல்லாம இருந்தான்.

ஆனா தொழில்ல இருக்கிறவன் சொல்றேன்: ஃபோண்டா செஞ்சது தப்பு. ஆறு டாலருக்கு கொலைக்கத்தி மாதிரியே ஒரு கத்தியைத் தானா வாங்கிட்டு வந்து மேஜையில குத்துறார் பாருங்க, ஒரு ஜூரர் அதைச் செய்யவே கூடாது. கோர்ட்டுல வெச்ச சாட்சியத்தை வெச்சுத்தான் முடிவு எடுக்கணும். நிஜத்துல தெரிய வந்திருந்தா மொத்த விசாரணையும் செல்லாமப் போயிருக்கலாம். பையன் திரும்பவும் முதல்லேர்ந்து கூண்டுல நிக்கணும்.

ரீல்பெட்டி
அப்போ அந்தப் பையனைத் தூக்குல போட்டிருக்கணும்கிறீங்களா வக்கீல் சார்?

வக்கீல்குமாஸ்தா
குமாஸ்தாங்க. கத்தியை அவனோட வக்கீல் வாங்கிட்டு வந்திருக்கணும்கிறேன். படத்துல நிஜ வில்லன் அந்த வக்கீல்தான், அவரைக் காட்டவே மாட்டாங்க.

மூணாவது மாடி
90கள்ல வளர்ந்தவங்களுக்குத் தெரியும். ராத்திரி 9 மணிக்கு கார்ட்டூன் நெட்வொர்க் முடிஞ்சு அதே சேனல்ல டிஎன்டி ஆரம்பிக்கும். ரிமோட் தேடுறதுக்குள்ள ஏதாவது பழைய படம் ஓட ஆரம்பிச்சிடும். அப்படித்தான் 'விசர்ட் ஆஃப் ஆஸ்' சூனியக்காரி என் வீட்டுக்குள்ள வந்தா. அந்தப் பச்சை மூஞ்சி சிரிக்கிற சத்தத்துக்கு அம்மா புடவைக்குள்ள போனவதான். மொத்தப் படத்துலயும் அவ வர்றது 12 நிமிஷம் போலத்தான்னு பின்னாடி தெரிஞ்சுது, நம்பவே முடியலை.

மார்கரெட் ஹாமில்டன் சினிமாவுக்கு முன்னாடி மழலையர் பள்ளி டீச்சர்! புகையும் நெருப்புமா மறையற காட்சியில நிஜமாவே தீப்பிடிச்சு முகமும் கையும் வெந்து, வாரக்கணக்கா படுத்திருந்து திரும்ப வந்து நடிச்சாங்க. 1975இல் மிஸ்டர் ராஜர்ஸ் குழந்தைகள் நிகழ்ச்சிக்கு வந்து, அந்த உடுப்பை ஒவ்வொண்ணா போட்டுக் காட்டி, இதெல்லாம் வேஷம்தான்னு பொறுமையா சொன்னாங்க.

போன லீவுல என் பொண்ணு பயப்படப் போறாளேன்னு முதல்லயே அந்த நிகழ்ச்சியைக் காட்டிட்டு அப்புறம்தான் படத்தைப் போட்டேன். சூனியக்காரியைப் பார்த்து அவ சிரிச்சா. பறக்குற குரங்குங்க வந்ததும் ஆரம்பிச்ச அழுகை ராத்திரி வரைக்கும் நிக்கலை. குரங்குக்கு யாரும் விளக்கம் கொடுத்து வெச்சிருக்காங்களா?

புரொஜெக்டர் மாமா
அம்மாடி, குழந்தைக்குப் படம் காட்டுறதுல சில விஷயம் இருக்கு, சொல்றேன் கேளு. முதல்ல அறை விளக்கை அணைக்கவே கூடாது...