உதவி: சாம்பிள் கொடுத்தும் ஏஐ பள்ளிக்கூடக் கட்டுரை மாதிரியே எழுதுது

பினாங்குப்_பொண்ணு:
அவசரம். டூர் கம்பெனி வலைப்பூவுக்குத் தைப்பூசக் கட்டுரை நாளைக்குப் போகணும். பழைய கட்டுரையெல்லாம் ஏஐ கிட்ட போட்டு இதே மாதிரி எழுதுன்னு சொன்னேன். "பன்முகப் பண்பாட்டின் ஒளிவிளக்காகத் திகழும் பினாங்கு"ன்னு ஆரம்பிக்குது. பாஸ் படிச்சிட்டு சிரிக்கிறாரு. என்ன செய்யலாம்?

செந்தூல்காரன்:
எந்த ஏஐ? எத்தனை கட்டுரை போட்டீங்க? எதைப் பத்தின கட்டுரை? ஏஐக்குக் கொடுத்த கட்டளையை, அதான் ப்ராம்ப்டை, அப்படியே இங்க ஒட்டுங்க.

கிள்ளான்_மச்சான்:
டெம்பரேச்சரைக் கூட்டுங்க, அதான் சொல்லைத் தேர்ந்தெடுக்கிறதுல எவ்வளவு தாராளமா போகலாம்ங்கிற அளவு. எனக்கு எப்பவும் அதுதான் கைகொடுக்கும்.

செந்தூல்காரன்:
சாதாரண சாட் பக்கத்துல டெம்பரேச்சர் எங்க மச்சான் இருக்கு? ஏபிஐ, அதாவது புரோகிராம் வழியா ஏஐயைக் கூப்பிடுற வழி, வச்சிருக்கிறவங்களுக்குத்தான் அது. கூட்டினாலும் சொல்லு கொஞ்சம் சிதறும், நம்ம நடை வராது.

மூத்தவன்:
இந்தக் கேள்வி இங்கே அடிக்கடி வருகிறது. தேடுபெட்டி சும்மா அழகுக்கு வைக்கப்படவில்லை. மாதிரிகளைக் காட்டி வேலை வாங்கும் முறை 2020-இல் வந்த ஜிபிடி-3 ஆய்வுக் கட்டுரையிலேயே விரிவாக இருக்கிறது. 'ஃபியூ-ஷாட்' என்று தேடிப் படித்துவிட்டு வந்தால் எங்கள் நேரமும் மிச்சம்.

பட்டர்வொர்த்_அக்கா:
ஐயா, பொண்ணு நாளைக்குக் கொடுக்கணும்னு நிக்குது. நீங்க ஆய்வுக் கட்டுரையைக் கையில கொடுக்கிறீங்க.

ஈப்போ_தம்பி:
இங்கிலீஷ்ல எழுத வச்சு அப்புறம் தமிழ்ல மாத்தச் சொல்லுங்க. சுலபம்.

பட்டர்வொர்த்_அக்கா:
தம்பி, அந்த ஒளிவிளக்கே அப்படி வந்த சரக்குதான்னு நினைக்கிறேன். கட்டளையை இங்கிலீஷ்ல கொடுத்தா பரவாயில்ல. சாம்பிள் தமிழ்ல இருக்கணும், வர்ற கட்டுரையும் நேரா தமிழ்லயே வரணும்.

பினாங்குப்_பொண்ணு:
இலவச ஏஐதான். ஆறு கட்டுரை, எல்லாமே கோலாலம்பூர் பக்கத்துப் பத்துமலைத் தைப்பூசம். ப்ராம்ப்ட்: "இதே நடையில் பினாங்கு தைப்பூசம் பற்றி 600 சொல்லில் எழுது". அவ்வளவுதான். இன்னொண்ணு, பினாங்குல இருக்கிற தண்ணீர்மலைக் கோயிலுக்கு 272 படின்னு வேற எழுதியிருக்கு.

பட்டர்வொர்த்_அக்கா:
அங்கதாம்மா சிக்கல். 272 பத்துமலைப் படி. தண்ணீர்மலையில 500-க்கும் மேல. ஆறுமே ஒரே விஷயமா இருந்தா, எது உங்க நடை, எது பத்துமலைத் தகவல்னு அதுக்குப் பிரிக்கத் தெரியாது, ரெண்டையும் சேர்த்தே காப்பியடிக்கும். அந்த ஆறும் நீங்களே எழுதினதா?

பினாங்குப்_பொண்ணு:
மூணு நான். மிச்சம் போன வருஷம் ஏஐ எழுதி, நான் லேசா தட்டிக் கொட்டினது.

செந்தூல்காரன்:
அடடே. இதை முதல்லயே சொல்லியிருக்கலாம்லா!

பட்டர்வொர்த்_அக்கா:
ஏஐ எழுதின மூணையும் தூக்கிடுங்க. உங்களோடதுல ரெண்டு போதும். மூணாவதா தைப்பூசமே இல்லாத ஒண்ணு, நாசி கண்டார் சாப்பாடோ சௌராஸ்தா மார்க்கெட்டோ, நீங்க எழுதினது. விஷயம் மாறியும் நடை மாறலைன்னா, பிடிச்சுக்க வேண்டியது நடையைத்தான்னு அதுக்குப் புரியும்.

வெறும் கட்டுரையை மட்டும் போடாதீங்க. அதை எழுதறதுக்கு முன்னாடி உங்க கையில என்ன குறிப்பு இருந்துச்சோ, அதை நாலு வரி மேல வைங்க. குறிப்பு, கீழ கட்டுரை. மறுபடி குறிப்பு, கட்டுரை. கடைசியில பினாங்குக் குறிப்பை மட்டும் வச்சு நிறுத்திடுங்க. மிச்சத்தை அது எழுதும். எந்தச் சாம்பிள் எங்க முடியுதுன்னு கோடு போட்டுக் காட்டுங்க. "தகவல் கடைசிக் குறிப்புல இருந்து மட்டும், மேல உள்ளது நடைக்கு மட்டும்"னு ஒரு வரி சேருங்க. கடைசியா வர்ற சாம்பிள் பக்கம் கொஞ்சம் கூடவே சாயும், அதனால உங்களுக்குப் பிடிச்சதைக் கடைசியில வைங்க. நீளத்தையும் பார்த்து எழுதும், 600 சொல் வேணும்னா சாம்பிளும் கிட்டத்தட்ட அந்த அளவுல இருக்கட்டும்.

குறிப்புல ஊர்க்காரருக்குத் தெரிஞ்சதைப் போடுங்க: பினாங்கு ஸ்ட்ரீட் கோயில் வீட்டுல இருந்து வெள்ளி ரதம் கிளம்புறது, வழியெல்லாம் தேங்காய் உடைக்கிறது, தண்ணீர்ப் பந்தல். அதெல்லாம் இல்லைன்னா அது ஒளிவிளக்கைத்தான் ஏத்தும்.

ரதவீதி_ராஜா:
வெள்ளி ரதம் மட்டும் போட்டா பாதிக் கதைதான். தங்க ரதம் எங்க?

ஈப்போ_தம்பி:
தங்க ரதம் 2017-ல வந்தது அண்ணே. பாரம்பரியம்னா செட்டியாருங்களோட வெள்ளி ரதம்தான்.

ரதவீதி_ராஜா:
எப்ப வந்தா என்ன தம்பி, இழுக்கிறது ஜனம்தானே? அதை விட்டுட்டு எழுதினா நான் கமெண்ட்ல கேப்பேன்.

மூத்தவன்:
இருவரும் சற்று நிதானியுங்கள். நகரத்தார், அதாவது செட்டியார் கோயில் சாலையோரம் இருக்கிறது. படியேறிப் போக வேண்டியது மலைமேல் உள்ள பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு. வெள்ளி ரதம் முன்னதற்கு, தங்க ரதம் பின்னதற்கு. இதைக் குறிப்பில் பிரித்து எழுதாவிட்டால் ஏஐ இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிடும்.

பட்டர்வொர்த்_அக்கா:
இதை நல்லா சொன்னீங்க ஐயா. முதல் பதிலே இப்படி இருந்திருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்.

கிள்ளான்_மச்சான்:
டெம்பரேச்சர் 1.2-ல வச்சா…

செந்தூல்காரன்:
மச்சான்!

பினாங்குப்_பொண்ணு:
அக்கா சொன்ன மாதிரி குறிப்பு-கட்டுரையா வச்சேன். ஒளிவிளக்கு போயிடுச்சு, படியும் சரியா வந்துச்சு, ரெண்டு ரதமும் இருக்கு. கடைசிப் பத்தியில மட்டும் "மறக்க முடியாத அனுபவம்"னு எழுதுச்சு, அதை நானே வெட்டிட்டேன். பாஸ் ஓகே சொல்லிட்டாரு. ஓடணும், நன்றி எல்லாருக்கும்.

செந்தூல்காரன்:
அந்தப் புது ப்ராம்ப்டை இங்க ஒட்டிட்டுப் போங்களேன், அடுத்து வர்றவங்களுக்கு உதவும்.