பழைய திரை-விசைப்பலகைக் கருவியான விடி220 டெர்மினலை லினக்ஸ் கணினியில் இணைக்கும்போது எங்கெங்கே இடிக்கும்?

முதலில் கேபிளைப் பாருங்கள். டெர்மினலில் 25 பின், கணினியில் 9 பின். ‘நல் மோடம் (மோடம் இல்லாமல் இரு கருவிகளை நேரடியாக இணைக்கும் கேபிள்) என்றால் 2, 3 குறுக்கே போக வேண்டும்’ என்று பலரும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றிவிடுகிறார்கள். 25 பின்னில் அனுப்புவது 2, வாங்குவது 3. 9 பின்னில் இதுவே தலைகீழ். அதனால் 2க்கு 2, 3க்கு 3, கிரவுண்டுக்கு 9 பின் பக்கம் 5, 25 பின் பக்கம் 7. எண் நேராகப் போனாலும் சிக்னல் குறுக்கேதான் போகிறது.

பிறகு வேகம்: இரு பக்கமும் 9600, 8 பிட், பாரிட்டி (பிழை சோதிக்கும் கூடுதல் பிட்) இல்லை, எழுத்தின் முடிவைக் காட்டும் ஸ்டாப் பிட் 1. திரை முழுக்கக் குப்பை என்றால் வேகம் ஒத்துப்போகவில்லை. பாதி எழுத்து சரி, பாதி குப்பை என்றால் பெரும்பாலும் பாரிட்டிதான்.

*

கேபிள் விளக்கம் அருமை சார். அடுத்த இடி, எந்த வகை டெர்மினல் என்று புரோகிராம்களுக்குச் சொல்லும் ‘டெர்ம்’ மாறி. எந்த டெர்மினலுக்கும் விடி100 என்று போட்டால் ஓடும் என்பது தவறு. 5ஆம் வரிசை, 10ஆம் நிரலுக்குக் கர்சர் போக விடி100 கேட்பது எஸ்கேப், [, 5;10, கடைசியில் எச். அதே இடத்துக்கு ஏடிஎம்-3ஏ என்ற வேறொரு பழைய டெர்மினல் கேட்பது எஸ்கேப், =, $, ) மட்டும். பூஜ்யத்திலிருந்து எண்ணி 32 கூட்டி, வரிசைக்கு ஒரு எழுத்து, நிரலுக்கு ஒரு எழுத்து. மாற்றிப் போட்டால் விஐ எடிட்டரைத் திறந்ததும் ‘5;10’ போன்ற துணுக்குகள் திரையெங்கும் சிதறும். டெலிவீடியோ 925 டெர்மினலில் இன்னொரு தொல்லை: தலைகீழ் நிறம் போன்ற அலங்காரக் குறியே திரையில் ஒரு கட்டத்தைப் பிடித்துக்கொள்ளும், நிரல்கள் நகர்ந்துவிடும். டெர்ம்இன்ஃபோவில் (டெர்மினல்களின் விவரத் தொகுப்பு) உள்ள சரியான பெயரைக் கொடுத்தால் புரோகிராம் அதற்கு இடம் விட்டு எழுதும்.

*

விடி220இல் எஸ்கேப் விசையே கிடையாது. விடி100 மோடில் எஃப்11 அந்த வேலையைச் செய்யும். விடி200 மோடில் செய்யாது. கண்ட்ரோலும் [ உம் சேர்த்து அழுத்தினால் எந்த மோடிலும் வேலை செய்யும்.

அழிக்கும் விசை 127 அனுப்பும், சில டெர்மினல்கள் 8 அனுப்பும். ^எச் என்று திரையில் வந்தால் டெர்மினல் அமைப்புகளை மாற்றும் எஸ்டிடிஒய் கட்டளையில் ஈரேஸ் (அழிக்கும் விசை) மதிப்பை மாற்றுங்கள்.

நீளமான கோப்பில் வரிகள் விழுங்கப்பட்டால் எக்ஸ்ஆன்/எக்ஸ்ஆஃப் (‘நிறுத்து, தொடர்’ என்று இரு பக்கமும் சொல்லிக்கொள்ளும் முறை) இரு பக்கமும் இயக்கத்தில் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஈமேக்ஸ் எடிட்டரில் கண்ட்ரோல்-எஸ் தேடாமல் திரை உறையலாம்; கண்ட்ரோல்-க்யூ விடுவிக்கும்.

*

கிட்டி என்ற புதிய டெர்மினல் மென்பொருளிலிருந்து பழைய சர்வருக்குப் போனாலும் இதே கதைதான்: சர்வருக்கு அந்த டெர்மினல் பெயர் தெரியாது. விடி100 என்று ஏமாற்ற வேண்டாம், நிறமெல்லாம் போய்விடும். உங்கள் கணினியில் ‘இன்ஃபோசிஎம்பி -எக்ஸ்’ கட்டளை தரும் டெர்மினல் விவரத்தை எஸ்எஸ்எச் வழியே சர்வரில் ‘டிக் -எக்ஸ் -’ கட்டளைக்கு அனுப்புங்கள். உங்கள் ஹோம் அடைவிலேயே பதிந்துவிடும், ரூட் அனுமதி தேவையில்லை.