‘காப்புத் தடையம்’ வேண்டாம், ‘வடிதடையம்’ ஆகட்டும்

அன்புடையீர், வணக்கம்.

மின்தேக்கியில், அதாவது மின்னூட்டத்தைச் சேமிக்கும் ‘கெப்பாசிட்டரில்’, தங்கிய மின்னூட்டத்தை, மின்சாரத்தைத் துண்டித்த பின் மெல்ல வெளியேற்றுவதற்காக அதன் இரு முனைகளுக்கும் குறுக்கே வைக்கப்படும் ‘பிளீடர் ரெசிஸ்டர்’ என்னும் உறுப்புக்கு, ‘காப்புத் தடையம்’ என்ற சொல் கலைச்சொற்கள் பற்றிய இந்த உரையாடல் இழையில் முன்வைக்கப்பட்டுள்ளது. இதை என்னால் ஏற்க இயலவில்லை. ‘மின்காப்பு’ ஏற்கெனவே இன்சுலேஷனைக் குறிக்கிறது என்பது ஒரு காரணம்; இல்லாத பாதுகாப்பை அச்சொல் உறுதியளிக்கிறது என்பதே பெரிய காரணம்.

பழைய மைக்ரோவேவ் அடுப்பை வீட்டில் பிரித்துப் பார்க்கும் மாணவரை எண்ணிப் பாருங்கள். அதன் மின்தேக்கி ஏறக்குறைய 1 மைக்ரோஃபாரட் அளவுடையது. 2,000 வோல்ட்டுக்கு மேலும் ஏறக்கூடியது. உள்ளே 10 மெகாஓம் தடையம் இருந்தால், 2,000 வோல்ட் 10 விநாடியில் சுமார் 740 வோல்ட்டாகக் குறையும். 14 வோல்ட்டுக்குக் கீழே வர 50 விநாடியாகும். அத்தடையம் உள்ளேயே அறுந்திருந்தால் வெளியே எந்த அடையாளமும் தெரியாது. ‘காப்பு’ என்ற பெயரை நம்பிக் கைவைப்பவருக்கு அது உயிர்ப்பிரச்சினை.

‘கசிவுத் தடையம்’ என்பதும் பொருந்தாது. கசிவு நாம் விரும்பாதது, இதுவோ நாமே திட்டமிட்டு அமைப்பது. ‘இறக்குத் தடையம்’ என்றால் மின்னழுத்தத்தைக் குறைக்கத் தொடராக வைக்கும் தடையத்தோடு குழம்பும். ஆகவே ‘வடிதடையம்’ என்பதை முன்மொழிகிறேன். வெள்ளம் வடியக் காத்திருக்க வேண்டும் என்பதும், வடிந்ததா என்று பார்த்தே காலை வைக்க வேண்டும் என்பதும் நம்மவர் அனைவரும் அறிந்தவை. வடிகட்டியோடு (ஃபில்டர்) மயங்குமே என்ற மறுப்பு நியாயமானதுதான். ஆனால் அங்கே ‘கட்டி’ என்ற பகுதி வேறுபாட்டைக் காட்டிவிடுகிறது. இலங்கையில் தடையத்தைத் தடையி என்றும் மின்தேக்கியைக் கொள்ளளவி என்றுமே வழங்குவதால் அங்கு ‘வடிதடையி’ எனலாம்.

இன்னொரு சொல்லும் தேவைப்படுகிறது. காப்பிட்ட கைப்பிடியுள்ள கோலால் முனைகளை ஒருமுறை இணைத்து எடுத்த பின்னும், மின்தேக்கியின் மின்கடத்தாப் பொருளில் தங்கிய மின்னூட்டத்தில் ஒரு பகுதி மீண்டும் முனைகளுக்கு வந்து மின்னழுத்தம் எழும். இறைத்த கிணற்றில் நீர் ஊறுவது போன்ற இந்நிகழ்வை ‘மின்னூறல்’ என அழைக்கலாமா? வேலை முடியும்வரை முனைகளைக் கம்பியால் இணைத்தே வைத்திருக்க வேண்டும் என்ற விதி இதனால்தான் வந்தது. விதியையும் காரணத்தையும் ஒரே சொல்லால் மாணவருக்கு விளக்க முடியும். உங்கள் கருத்தை எதிர்பார்க்கிறேன்.