'இரி' இருக்கும்போது 'சிட்' என்னத்துக்கு?

கோட்டாறு அண்ணாச்சி: நாய் பழக்குதது பத்தி இந்தக் குழுவுல பக்கத்து இழையில ஒருத்தர் எழுதியிருக்கு: "தெருவுலருந்து எடுத்த நாய உக்காரச் சொல்ல 'சிட்'டுன்னாத்தான் ஏறும், 'இரி'ன்னா அசையாம இருக்கச் சொல்லுத 'இரு'வோட குழம்பிரும்." வாசிச்சதும் எரிச்சலாயிட்டு. நம்ம ஊர் நாய் பொறந்ததுலருந்து கேக்குத பேச்சு 'இரி'. வீட்டுல அம்மை 'இரி'ம்பா, பிள்ளை 'சிட்'டும்பான். குழப்பம் அங்கதான் வருது. எல்லாரும் ஒரே சொல்லு, ஒரே தடவை சொல்லணும். மூணு தடவை சொன்னா, மூணாவதுக்கு உக்காந்தாப் போதும்னு நாய் படிச்சுக்கிடும்.

குளச்சல்காரி: எழுதினது நான்தான் அண்ணாச்சி. என்கிட்டயே கேட்டிருக்கலாம். உக்கார 'இரி', அசையாம இருக்க 'இரு'. கடைசி உயிர் மட்டுந்தான் வித்தியாசம். கடல்காத்துல இருபதடி தள்ளி நின்னு சொன்னா அது காதுல விழாது. 'சிட்' வெட்டுனாப்ல முடியும்.

கோட்டாறு அண்ணாச்சி: அப்பம் 'சிட்'டும் 'ஸ்டே'யும்? ரெண்டும் ஸ்ஸுன்னுதானே தொடங்குது? 'இரு'வ மாத்தி 'நில்லு'ன்னு வச்சா தீந்துது. 'இரி'யத் தொடாதீங்க.

குளச்சல்காரி: 'நில்லு'ன்னா எந்திரிச்சு நிக்கதுக்கு எந்தச் சொல்லு வைப்பீங்க?

திற்பரப்பு: சொல்லு கடைசியில வரட்டும், முதல்ல கை. அடிபட்ட நாய், தலைக்கு மேல கை போனா பதுங்கும். நாம குனிஞ்சா கல்லு எடுக்கோம்னு ஓடும். அதனால முகத்துக்கு நேரா நிக்காம, பக்கவாட்டுல தரையில இருங்க. வேகவச்ச கோழிக்கறி, உப்பு போடாண்டாம், பட்டாணி அளவு. மூக்குலருந்து ரெண்டு விரக்கடை விட்டு, நெத்திக்கு மேல பின்பக்கமா மெதுவா கொண்டுபோனா மூக்கு ஒசரும், பின்பக்கம் தரையில இறங்கும். கை ரொம்ப ஒசந்தா துள்ளும். இறங்கின உடனே 'சரி'ன்னு சொல்லித் தீனி குடுக்கணும். ஒரு நொடி பிந்தினா எந்திரிச்சதுக்குக் கூலி குடுத்தது போலாயிரும். பத்துக்கு எட்டு சரியா வந்த பொறவு வெறுங்கையால அதே சைகை. அதுக்கும் பொறவு சொல்லு. சொல்லிட்டுத்தான் கை அசையணும். ரெண்டும் ஒண்ணா நடந்தா நாய் கையத்தான் பாக்கும்.

கோட்டாறு அண்ணாச்சி: எல்லாம் சரி. அந்தச் சொல்லு எதுன்னுதானே கேக்குதேன்? 'இரி'.

மார்த்தாண்டம் 74: கோழிக்குப் பதிலா நெத்திலிக் கருவாடு குடுக்கலாமா? மணத்துக்கே ஓடிவருமே.

குளச்சல்காரி: வேண்டாம், உப்பு. ஒரு பாடத்துக்கு இருபது முப்பது துண்டு போகும், வாந்தியில கொண்டுவிடும். கருவாட்டு இழையிலயே சொன்னேன், அண்ணாச்சி அன்னைக்கும் கேக்கல.

கோட்டாறு அண்ணாச்சி: ஊறவச்சுக் கழுவிக் குடுக்கணும்னுதான் எழுதினேன். பாதிய விட்டுட்டு எடுத்துப்போட்டது நீங்க.

குளச்சல்காரி: ஊறவச்சாலும் முழுசாப் போகாது.

மார்த்தாண்டம் 74: சண்டைய விடுங்க. அஜிலிட்டிக்கு, அதான் நாய் தடை தாண்டி ஓடுத போட்டிக்கு, சொத்தவிளை கடற்கரை மணல்ல தாண்டப் பழக்கலாமா?

திற்பரப்பு: காஞ்ச மணல்ல கால் புதையும், தாவும்போது தசைநாருக்குக் கேடு. கட்டாந்தரையும் ஆகாது. புல்லுத்தரை நல்லது. ரப்பர் தோட்டத்துல நிழல் உண்டு, ஆனா திரும்பினதும் காது மடலையும் விரல் இடுக்கையும் விரிச்சு உண்ணி பாக்கணும். எஃப்சிஐ (சர்வதேச நாய்க் கூட்டமைப்பு) விதியில தோள் உயரம் 48 செ.மீ.யோ அதுக்கு மேலயோ உள்ள நாய்க்குத் தடை உயரம் 55லருந்து 60 செ.மீ. வரை. அது போட்டிக்கு. பழக்கத்துக்கு முதல்ல பிவிசி குழாயத் தரையில கிடத்துங்க. ஒசத்தும்போது கட்டி வைக்காதீங்க, கால் தட்டினா விழணும். போட்டியில 18 மாசம் ஆகாம சேக்கமாட்டாங்க. தெருநாய்க்குப் பிறந்த தேதி தெரியாது. கடவாப்பல்லு எல்லாம் முளைச்சதப் பாத்து வளர்ந்தாச்சுன்னு நினைக்காண்டாம், ஏழாம் மாசத்துலயே முளைச்சிரும். எலும்பு முத்திட்டான்னு கால்நடை மருத்துவர் எக்ஸ்ரே பாத்துச் சொல்லட்டும்.

கோட்டாறு அண்ணாச்சி: அங்கயும் 'ஜம்ப்'னு தொடங்கிராதீங்க. 'தாண்டு'. உக்கார 'இரி'.

குளச்சல்காரி: சரி, சோதிச்சிருவோம். பதினஞ்சடி தள்ளி, கைய முதுகுக்குப் பின்னால கட்டிக்கிட்டு, 'இரி' அஞ்சு, 'இரு' அஞ்சு கலந்து சொல்லுங்க. எத்தனை தப்புன்னு எழுதுங்க.

கோட்டாறு அண்ணாச்சி: 'சிட்', 'ஸ்டே' அஞ்சஞ்சு நீங்களும் சொல்லணும். பதினஞ்சடி எதுக்கு? ரெண்டடியில தொடங்காம எடுத்த எடுப்புல தூரம் போனா எந்தச் சொல்லும் தோக்கும்.

குளச்சல்காரி: ரெண்டடியில நாய் உதட்டப் பாத்தே உக்காந்திரும், அண்ணாச்சி.

கோட்டாறு அண்ணாச்சி: அப்பம் முதுகத் திருப்பி நின்னு சொல்லுங்க.